முக்காலி இல்லாமல், மங்கிய வெளிச்சத்தில், முதுநகரில் நிற்கும் ஒரு மூக்கு லாரி

கெடிலக்கரை (கடலூர்)

அனைவருக்கும் வணக்கம். கடலூர் முதுநகரில், உப்பனாற்றை ஒட்டிய ஒரு கொட்டகைக்குள் பழைய மூக்கு லாரி (எஞ்சின் பகுதி மூக்கு போல முன்னால் நீண்ட வண்டி) ஒன்று பல ஆண்டுகளாக ஓடாமல் நிற்கிறது. உரிமையாளர் எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்த பெரியவர். ஒரு காலத்தில் நெல்லிக்குப்பத்துக்குக் கரும்பும், பண்ருட்டியிலிருந்து பலாவும், மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு ஊர்ச் சாமியும் ஏற்றிச் சென்ற வண்டி அது. இப்போது காயலான்கடைக்காரரிடம் விலை பேசி முடித்துவிட்டார். மாசி மகம் கழிந்த மறுநாள் வெட்டி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதற்கு முன் நல்ல படம் ஒன்று எடுத்துத் தரும்படி பெரியவர் என்னிடம் கேட்டிருக்கிறார்.

எனக்கு வேலை முடிந்து அங்கே போய்ச் சேர மாலை ஏழு மணி ஆகிவிடுகிறது. கொட்டகையின் கிழக்குப் பக்கம் மட்டும் திறந்திருக்கிறது. இடப்புறம் தெருவில் மஞ்சள் சோடியம் விளக்கு ஒன்று, வலப்புறம் வீட்டு வாசலில் வெள்ளை எல்இடி விளக்கு ஒன்று, இவ்வளவுதான் வெளிச்சம். தரை முழுக்க மீன்வலைகளைக் குவித்து வைத்திருப்பதால் முக்காலியின் மூன்று கால்களையும் ஊன்ற இடமில்லை. அப்படியே இடம் பண்ணினாலும், "ஸ்டாண்டு போட்டால் தெருவே கூடிவிடும், கையில் வைத்தே எடு தம்பி" என்று பெரியவர் சொல்லிவிட்டார். அவருக்கு இந்த விற்பனையே மனவருத்தம், அதில் கூட்டம் வேறு வேண்டாம் என்று நினைக்கிறார்.

என்னிடம் உள்ளது ஏபிஎஸ்-சி அளவுச் சென்சார் (பிலிம் சட்டத்தை விடச் சிறியது) கொண்ட கண்ணாடியில்லா (மிரர்லெஸ்) கேமரா. உடலுக்குள் நடுக்கத் தடுப்பு கிடையாது. கேமராவோடு வந்த 16-50 ஜூம் லென்ஸில் நடுக்கத் தடுப்பு உண்டு, ஆனால் அதன் துளை எஃப் 3.5 முதல் 5.6 வரைதான் (எண் சிறிதானால் துளை பெரிது). தனியாக வாங்கிய 35 மிமீ எஃப் 1.8 லென்ஸில் நடுக்கத் தடுப்பு இல்லை. இருட்டுக்கு இதுதான் சரி என்று எண்ணி, நேற்று 35 லென்ஸைப் போட்டு நாற்பது படங்கள் எடுத்தேன். ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறன் எண்ணை) 800க்கு மேல் ஏற்றினால் குருணை குருணையாகிவிடும் என்று பயந்து அங்கேயே நிறுத்திக்கொண்டேன். 1/50 வினாடியில் எடுத்தவை கரியாக இருக்கின்றன. கணினியில் வெளிச்சத்தைத் தூக்கினால் கறுப்புப் பகுதியெல்லாம் ஊதாப் புள்ளிகளாகப் பூத்துவிடுகின்றன. 1/10 வினாடிக்கு இறக்கியவற்றில் எல்லாமே இரட்டை இரட்டையாகத் தெரிகிறது. ஒரு சில படங்களில் ஹெட்லைட் மட்டும் கூர்மையாகவும் அதன் பின்னால் உள்ள கேபின் பஞ்சு போலவும் இருக்கிறது. இன்னும் மூன்று மாலைகள்தான் இருக்கின்றன. எங்கே தவறினேன் என்று சொல்லித் தர வேண்டுகிறேன்.

திருப்பாதிரிப்புலியூரான்

முக்காலி வேண்டாம் என்று தொடங்கும் இரவுப் படங்கள் எல்லாம் கடைசியில் முக்காலியில்தான் போய் முடியும். வலையைக் கொஞ்சம் ஒதுக்கச் சொல்லிப் பெரியவரிடம் இன்னொரு முறை கேளுங்கள். பத்து நிமிட வேலை இது. ஐஎஸ்ஓ 100, எஃப் 8, பத்துப் பதினைந்து வினாடி போதும். மற்ற வித்தைகள் எல்லாம் கால விரயம்.

முத்தியால்பேட்டை ஒளி (புதுச்சேரி)

முக்காலி இருந்தால் நல்லதுதான், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் கேட்டவர் இடமில்லை என்றும் உரிமையாளர் விரும்பவில்லை என்றும் தெளிவாகவே எழுதியிருக்கிறார். திருமண மண்டபங்களில் பதினெட்டு ஆண்டுகளாகக் கையில் பிடித்தே எடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: கெடிலக்கரை தம்பி, உங்கள் தவறு லென்ஸைத் தேர்ந்தெடுத்ததில் தொடங்குகிறது.

நீங்கள் எடுப்பது மணமகளை அல்ல, நிற்கும் லாரியை. மணமகள் அசைவாள், லாரி அசையாது. ஆகவே உங்கள் படத்தில் உள்ள அசைவு முழுவதும் உங்கள் கையிலிருந்து மட்டுமே வருகிறது. நடுக்கத் தடுப்பு என்ற கருவி சரி செய்யக்கூடிய அசைவும் அது ஒன்றுதான். அதை விட்டுவிட்டுத் துளை பெரியது என்பதற்காக மட்டும் 35ஐப் போட்டீர்கள்.

கணக்கைப் பார்ப்போம். கையில் பிடிக்கும்போது ஷட்டர் வேகம் குவியத் தொலைவின் (லென்ஸின் மிமீ எண்ணின்) தலைகீழாவது இருக்க வேண்டும் என்பது பழைய விதி. ஏபிஎஸ்-சி சென்சாருக்கு அதை ஒன்றரையால் பெருக்க வேண்டும். 35 மிமீக்கு அது ஏறத்தாழ 1/50 வினாடி. 16 மிமீக்கு 1/25. நடுக்கத் தடுப்புக்குப் பெட்டியில் நான்கு ஸ்டாப், ஐந்து ஸ்டாப் என்று அச்சிட்டிருப்பார்கள், நாம் மூன்று என்று மட்டும் வைத்துக்கொள்வோம். ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு, மூன்று ஸ்டாப் என்றால் எட்டு மடங்கு. அப்படியானால் ஜூம் லென்ஸை 16இல் வைத்து 1/3 வினாடி வரை கையிலேயே முயலலாம். எஃப் 1.8ஐ விட எஃப் 3.5 இரண்டு ஸ்டாப் இருட்டு, ஆனால் 1/50க்கும் 1/3க்கும் இடையே நான்கு ஸ்டாப் உள்ளது. எல்லாரும் மட்டமாகப் பேசும் அந்த இலவச லென்ஸ் இரண்டு ஸ்டாப் முன்னால் நிற்கிறது.

கெடிலக்கரை

அண்ணா, இதை நான் நினைத்தே பார்க்கவில்லை. ஆனால் 16இல் எடுத்தால் மூக்கு யானைத் தும்பிக்கை போல நீண்டு விடுகிறதே? பெரியவர் பார்த்தால் இது என் வண்டியே இல்லை என்பார்.

முத்தியால்பேட்டை ஒளி

சரியான கேள்வி. மூக்கு நீளுவதற்குக் காரணம் லென்ஸ் அல்ல, 16 மிமீயில் சட்டத்தை நிரப்ப நீங்கள் வண்டிக்கு மிக அருகே போய்விடுவதுதான். நான்கு மீட்டர் பின்னால் நின்று 24இல் எடுத்துப் பாருங்கள். அங்கே லென்ஸின் துளை ஏறத்தாழ எஃப் 4.5 ஆகிவிடும், கையில் 1/5 வரை வரலாம். 35 லென்ஸோடு ஒப்பிட்டால் அப்போதும் அரை ஸ்டாப்புக்கு மேல் லாபம்தான். ஜூமையே 35க்குத் தள்ளினால் துளை ஏறத்தாழ எஃப் 5, வேகம் 1/6, இரண்டும் சமமாகிவிடும். அதற்கு மேல் போனால் நஷ்டம்.

இதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. ஹெட்லைட் கூர்மையாகவும் கேபின் பஞ்சாகவும் வந்தது என்றீர்களே, அது கை நடுக்கமே அல்ல. 35 மிமீ, எஃப் 1.8, நான்கு மீட்டர் தூரம் என்றால் கூர்மையாக விழும் ஆழம் ஒரு மீட்டருக்கும் குறைவு. மூக்கு லாரியின் பானட்டே ஒரு மீட்டருக்கு மேல் இருக்கும். 24 மிமீ, எஃப் 4.5 என்றால் அதே நான்கு மீட்டரில் ஏறத்தாழ இரண்டரை மீட்டரிலிருந்து பத்து மீட்டர் தாண்டியும் கூர்மை கிடைக்கும். முன் பம்பரிலிருந்து பின்பலகை வரை ஒரே படத்தில் அடங்கிவிடும்.

பழைய பிலிம் (புதுச்சேரி)

இளையவர்களின் கணக்கு நன்றாக இருக்கிறது. கணக்கோடு உடம்பையும் சேர்த்துச் சொல்வதற்காக எழுதுகிறேன். 400 வேகக் கறுப்பு வெள்ளைச் சுருளை 1600க்குத் தள்ளிக் கழுவி, 50 மிமீ லென்ஸோடு இரவில் ஒயிட் டவுன் தெருக்களில் அலைந்தவன் நான். நடுக்கத் தடுப்பு என்ற சொல்லே அப்போது கிடையாது. சுவர்தான் எங்களுக்கு முக்காலி. தோளையும் தலையின் பக்கவாட்டையும் சுவரிலோ தூணிலோ சாய்த்து, இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டி, மூச்சை இழுக்காமல் வெளியே விட்டு முடிக்கும் அந்த இடைவெளியில் விரலை அழுத்த வேண்டும். அழுத்துவது என்று சொல்வதுகூடச் சரியில்லை. பழம் கனிந்திருக்கிறதா என்று பார்ப்பது போல மெல்ல வைக்க வேண்டும். குத்தினால் கேமரா தலையாட்டும்.

உட்கார்ந்து எடுப்பது நிற்பதை விட நல்லது. வலைக்குவியல் மேலேயே சம்மணமிட்டு, முழங்கையை முழங்காலுக்குச் சற்று உள்ளே தொடையில் ஊன்றிக்கொள்ளுங்கள். முழங்கை எலும்பை முழங்கால் எலும்பின் மேல் வைத்தால் உருளும். மூக்கு லாரியைத் தாழ்வாகப் பார்த்தால் அதன் முகம் நன்றாகவும் இருக்கும்.

இன்னொரு சிறு உபாயம். முக்காலி மாட்டும் கால் அங்குலத் திருகுத் துளைக்கு ஏற்ற போல்ட் ஒன்றை வாங்கி, அதில் உறுதியான நூல்கயிறு கட்டி, கேமராவின் அடியில் மாட்டுங்கள். தொங்கும் முனையைக் காலால் மிதித்துக்கொண்டு கேமராவை மேல்நோக்கி இழுத்துப் பிடித்தால் மேலும் கீழுமான ஆட்டம் பெருமளவு நின்றுவிடும். மொத்தச் செலவு ஒரு தேநீர்க் காசு. தெருவும் கூடாது.

திருப்பாதிரிப்புலியூரான்

கயிறு கட்டினால் அது கையில் பிடித்ததாகுமா? அப்படியானால் மூன்று கயிறு கட்டி அதை முக்காலி என்று சொல்லிவிடலாமே.

பழைய பிலிம்

மூன்று கயிறும் மேல்நோக்கி நிற்குமானால் தாராளமாகச் சொல்லலாம் ஐயா.

தேவனாம்பட்டினம்

ஒரு எச்சரிக்கை. எல்இடி விளக்கு இருக்கிறது என்கிறார். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான எல்இடி விளக்குகள் வினாடிக்கு 100 முறை மினுக்கும். சத்தமில்லாத மின்னணு ஷட்டரில் எடுத்தால் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு விழும். என் தம்பியின் நிச்சயதார்த்தப் படங்கள் முழுக்க இப்படி வீணாகின.

முத்தியால்பேட்டை ஒளி

நீங்கள் சொல்வது உண்மைதான் அம்மா, ஆனால் அந்தத் தொல்லை 1/200, 1/500 போன்ற வேகங்களில்தான். 1/6 வினாடிக்குள் விளக்கு பதினாறு முறைக்கு மேல் மினுக்கி முடித்துவிடும். எல்லா வரிசைகளுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு ஒளி சேர்ந்துவிடுவதால் பட்டை தெரியாது. மெதுவான ஷட்டரின் மறைமுக நன்மை இது.

ஐஎஸ்ஓ பற்றியும் சொல்லிவிடுகிறேன். 800இல் நிறுத்தியதுதான் தம்பியின் இரண்டாவது தவறு, என் பார்வையில் முதல் தவறை விடப் பெரியது. அவர் சொன்ன வெளிச்சத்துக்கு எஃப் 1.8, 1/50 என்றால் ஐஎஸ்ஓ 4000 அளவுக்குத் தேவைப்பட்டிருக்கும் என்று ஊகிக்கிறேன். அவர் 800இல் எடுத்ததால் இரண்டு ஸ்டாப்புக்கும் மேலாக ஒளி குறைந்துவிட்டது. அந்தக் குறையைக் கணினியில் தூக்கி நிரப்பும்போது குருணையும் சேர்ந்தே எழும், நிழலின் நிறமும் கெட்டு ஊதாவாகும். 3200இல் நிறைவாக ஒளி வாங்கிய படம், 800இல் பட்டினி கிடந்து பிறகு தூக்கிவிடப்பட்ட படத்தை விடப் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். குருணைக்கு மூலக் காரணம் ஒளிப் பற்றாக்குறை. ஐஎஸ்ஓ என்ற எண்ணின் மேல் பழியைப் போட்டுப் பயனில்லை. ரா கோப்பாக (கேமரா மெருகேற்றாத மூலப் பதிவாக) எடுங்கள், 3200க்கும் 6400க்கும் பயப்படாதீர்கள்.

வண்டிப்பித்தர்

படம் எடுப்பது எனக்குத் தெரியாது, வண்டி தெரியும். நீங்கள் இணைத்திருக்கும் மங்கலான படத்தை வைத்துச் சொல்வதானால், மூக்கின் அமைப்பு டாட்டா மெர்சிடஸ் பென்ஸ் வண்டியைப் போல் இருக்கிறது. டாட்டாவின் டெல்கோ நிறுவனம் 1954இல் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸோடு 15 ஆண்டு ஒப்பந்தம் செய்து லாரி கட்டத் தொடங்கியது. 1969இல் ஒப்பந்தம் முடிந்ததும் மூக்கிலிருந்த மூன்று முனை நட்சத்திரம் போய், டாட்டாவின் டி எழுத்து வந்தது. ஆனால் சின்னத்தை மட்டும் வைத்து வயது சொல்ல முடியாது. பிற்கால வண்டியிலும் ஆசைக்காக நட்சத்திரத்தை மாட்டிக்கொண்டவர்கள் உண்டு, நல்ல வண்டியிலிருந்து திருடு போனதும் உண்டு. ஆர்சி புத்தகத்தையும் சேசிஸ் எண்ணையும் பாருங்கள். 1989க்கு முந்தைய பதிவாக இருந்தால் எண்பலகையில் மாவட்ட எண் இல்லாமல் மூன்று எழுத்தும் அதன்பின் எண்களும் மட்டும் இருக்கும். அந்தப் பலகை படத்தில் படிக்கும்படி வர வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

தொட்டி எங்கே கட்டியது என்றும் பாருங்கள். தொழிற்சாலையிலிருந்து வருவது சேசிஸ்தான். மரத்தொட்டியும் பெரும்பாலும் கேபினும் நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்துப் பட்டறைகளில் கட்டியதாக இருக்கலாம், கட்டியவர் பெயரைக் கதவுக்கு மேலேயோ தொட்டியின் ஓரத்திலோ சிறிதாக எழுதியிருப்பார்கள். சேசிஸ்கள் ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி. இந்த வண்டிக்கென்று இருப்பது அந்த எழுத்தும், பின்பலகையில் வரைந்த பூவும்தான். காயலான்கடையில் இரும்பு உருகினாலும் விலை உண்டு, அந்தப் பலகை அடுப்புக்குத்தான் போகும்.

கெடிலக்கரை

ஆர்சி புத்தகம் பார்த்தேன் ஐயா, 1967 என்று இருக்கிறது. நட்சத்திரம் இல்லை, அது இருந்த இடத்தில் வட்டமான தழும்பு மட்டும் உள்ளது. பின்பலகையில் ஒரு தாமரையும் "ஒலி எழுப்பவும்" என்ற எழுத்தும் மங்கலாகத் தெரிகின்றன. நேரில் விரலால் தடவினால் எழுத்தின் விளிம்பு தட்டுப்படுகிறது, ஆனால் படத்தில் வரவே இல்லை.

பழைய பிலிம்

விளிம்பு விரலுக்குத் தட்டுப்படுகிறது என்றால் பக்கவாட்டு ஒளிக்கும் தட்டுப்படும். கைப்பேசி விளக்கை ஒருவரிடம் கொடுத்து, பலகையின் ஓரத்தில், பலகையோடு ஏறக்குறைய ஒட்டினாற்போல் பிடிக்கச் சொல்லுங்கள். ஒளி பலகையின் மேல் உரசிக்கொண்டு போக வேண்டும். நேரே நின்று அடித்தால் எழுத்து மறைந்துவிடும். உரசிப் போகும் ஒளியில் பழைய பெயிண்டின் ஒவ்வொரு தூரிகைக் கோட்டுக்கும் நிழல் விழும். மூக்கில் உள்ள தழும்பையும் அப்படியே எடுக்கலாம். விளக்கின் முன் ஒரு மடிப்புக் கைக்குட்டையைப் பிடித்தால் வெள்ளைப் புள்ளி உண்டாகாது.

முத்தியால்பேட்டை ஒளி

ஐயா சொன்ன அதே விளக்கு ஃபோகஸுக்கும் உதவும். இருட்டில் தானியங்கி ஃபோகஸ் முன்னும் பின்னும் தவித்துக்கொண்டிருக்கும், அது பிடித்துக்கொள்ள வேறுபாடுள்ள ஒரு விளிம்பு தேவை. எண்பலகையின் எழுத்தில் ஒளி அடித்து, அதில் ஃபோகஸ் செய்து, உடனே கைமுறை ஃபோகஸுக்கு மாற்றிவிட்டு விளக்கை அணைத்துவிடுங்கள். நீங்கள் நின்ற இடம் மாறாத வரை அது போதும். கேமராவின் 'M' என்ற கைமுறை நிலையில் துளை, ஷட்டர், ஐஎஸ்ஓ மூன்றையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். தெருவிளக்கு சட்டத்துக்குள் வந்தால் கேமரா பயந்து படத்தை இருட்டாக்கும், வெறும் கறுத்த வண்டி மட்டும் இருந்தால் துணிந்து வெளுப்பாக்கும், இரண்டும் நமக்கு வேண்டாம்.

தொடர் படமெடுப்பில் வைத்து, ஒவ்வொரு முறையும் நான்கைந்து படங்கள் எடுங்கள். விரல் அழுத்தும்போது முதல் படம் ஆடும், விடும்போது கடைசிப் படம் ஆடும், நடுவில் உள்ளவற்றில் ஒன்று தப்பித்திருக்கும். அங்கேயே திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். சிறு திரையில் எல்லாப் படமும் கூர்மையாகத்தான் தெரியும்.

தேவனாம்பட்டினம்

எல்இடி விஷயத்தில் என் புரிதலைத் திருத்தியதற்கு நன்றி. இன்னொன்று கேட்கிறேன், சிரிக்காதீர்கள். இவ்வளவு பாடும் படுவதற்குக் கைப்பேசியின் இரவு நிலையில் எடுத்தால் என்ன? நேற்று எங்கள் வீட்டு வாசலில் நின்ற டிராக்டரை எடுத்தேன், பளிச்சென்று வந்தது.

முத்தியால்பேட்டை ஒளி

சிரிப்பதற்கு ஒன்றுமில்லை, அதுவும் கெட்டிக்கார வழிதான். இரவு நிலையில் கைப்பேசி பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்தி, சராசரி காண்கிறது. குருணை ஒவ்வொரு படத்திலும் வெவ்வேறு இடத்தில் விழுவதால் சராசரியில் கரைந்துவிடும், லாரி அதே இடத்தில் நிற்பதால் கரையாது. நான்கு படங்களைச் சேர்த்தால் குருணை பாதியாகும், பதினாறு சேர்த்தால் கால்பங்காகும். கேமராவில் எடுத்த தொடர் படங்களையும் கணினியில் இப்படியே அடுக்கிச் சேர்க்கலாம். பெரிதாக அச்சிட வேண்டுமானால் கேமராவின் கோப்பு தாங்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

பழைய பிலிம்

தேவனாம்பட்டினம் அம்மாவின் "பளிச்" என்ற சொல்லில்தான் எனக்குக் கொஞ்சம் சங்கடம். இருட்டுக் கொட்டகைக்குள் நின்ற வண்டியைப் பகல் வெளிச்சத்தில் நின்றது போல் காட்டினால் அது வேறு வண்டி. கைப்பேசிகள் இரவு என்றாலே அதை நோயாகக் கருதி மருந்து கொடுக்கின்றன.

முத்தியால்பேட்டை ஒளி

இதில் எனக்கும் ஐயாவுக்கும் வேறுபாடு இருப்பதாகத் தோன்றலாம், ஆனால் இல்லை. எடுக்கும்போது நிறைய ஒளி வாங்குங்கள், பிறகு கணினியில் இரவின் அளவுக்கு இறக்குங்கள் என்பதுதான் என் கட்சி. இறக்கும்போது குருணையும் சேர்ந்து இறங்கும். இருட்டாக எடுத்து ஏற்றுவதற்கும் வெளிச்சமாக எடுத்து இறக்குவதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு முறை பார்த்துவிட்டால் யாரும் மறக்க மாட்டார்கள்.

கெடிலக்கரை

இன்று மாலை மீண்டும் போனேன். 24 மிமீ, எஃப் 4.5, 1/6 வினாடி, ஐஎஸ்ஓ 3200. வலைக்குவியலில் உட்கார்ந்து, முதுகைத் தூணில் சாய்த்து எடுத்தேன். அறுபது படங்களில் பதினேழு கூர்மையாக இருக்கின்றன. எண்பலகையில் உள்ள ஆணியின் தலை கூடத் தெரிகிறது. நேற்று நாற்பதில் ஒன்றுகூடத் தேறவில்லை. முத்தியால்பேட்டை அண்ணாவுக்கும் ஐயாவுக்கும் மிக்க நன்றி.

ஆனால் நிறம் வரவில்லை. வண்டியின் இடப்பாதி மஞ்சள் குளித்தது போலவும் வலப்பாதி நீலம் பாய்ந்தது போலவும் இருக்கிறது. கேமராவில் வெண்சமநிலையை 2500 கெல்வினுக்குக் கீழே இறக்க முடியவில்லை. மஞ்சளைச் சரி செய்தால் வலப்பக்கம் கடலாகிவிடுகிறது. பானட் நேரில் கரும்பச்சை, படத்தில் காப்பிப் பொடி நிறம்.

முத்தியால்பேட்டை ஒளி

சோடியம் விளக்கின் நிறவெப்பம் ஏறத்தாழ 2000 கெல்வின். ரா கோப்பைத் திருத்தும் மென்பொருள்களில் அந்த அளவு வரை இறங்க முடியும், ஆனால் இறங்கியும் பெரிய பயன் இருக்காது. அந்த விளக்கின் ஒளியில் மஞ்சள்தான் மிகுதி, பச்சையும் நீலமும் மிகச் சொற்பம். விளக்கில் பச்சை இல்லாதபோது பச்சை பெயிண்ட் எதைத் திருப்பி அனுப்பும்? கறுப்பு வெள்ளையாக மாற்றுவது ஒரு வழி. எல்இடி உள்ள வீட்டுக்காரரிடம் சொல்லி அந்த விளக்கை ஐந்து நிமிடம் அணைக்கச் செய்து, முழு வண்டியும் மஞ்சளாகவே இருக்கட்டும் என்று விட்டுவிடுவது இன்னொரு வழி.

வண்டிப்பித்தர்

கரும்பச்சை போகக் கூடாது. கறுப்பு வெள்ளை வேண்டாம்.

பழைய பிலிம்

கொட்டகை கிழக்கே திறந்திருக்கிறது என்று முதல் பதிவிலேயே எழுதினார். நாம் எல்லாரும் அதைத் தாண்டிப் போய்விட்டோம், நானும்தான். நம் கடற்கரையில் சூரியன் கடலில் உதித்து நிலத்தில் மறைகிறது. மாலையில் வானத்து வெளிச்சம் முழுக்க அவருடைய கொட்டகையின் முதுகுப்பக்கம் இருக்கும். விடியலில் அதே வானம் ஆற்றுக்கு மேலே, திறந்த வாசலுக்கு நேராக, பெரிய வெள்ளைத் துணியை விரித்தது போல் நிற்கும். இந்த மாதத்தில் ஆறரை மணியை ஒட்டிச் சூரியன் எழுகிறது. நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் சூரியன் செங்குத்தாக ஏறும், விடியல் வெளிச்சம் நீண்டு நிற்காது. ஆறு மணிக்கு முன்பே போய் உட்கார்ந்து, சூரியன் வருவதற்கு முந்தைய இருபது நிமிடத்தைப் பிடியுங்கள். தெருவிளக்கு அணைக்கப்படாமல் இருந்தால் மஞ்சள் ஒரு ஓரத்தில் மட்டும் நிற்கும், பானட்டில் வானம் விழும். பச்சை பெயிண்டுக்குப் பச்சை கிடைக்கும்.

தேவனாம்பட்டினம்

விடியலில் போவதானால் ஒன்றைக் கவனியுங்கள். இரவு முழுவதும் ஏசி அறையில் கேமராவை வைத்துவிட்டு நேரே ஆற்றங்கரைக்குப் போனால் லென்ஸில் ஈரம் பூத்து எல்லாம் புகையாகத் தெரியும். கடற்கரையில் வசிப்பவர்களுக்கு இது தினப்படித் தொல்லை. முந்தைய இரவே பையோடு திண்ணையில் வைத்துவிடுங்கள். முன்னால் மாட்டும் யுவி கண்ணாடியையும் கழற்றிவிடுங்கள். உப்புக் காற்றில் அதன் மேல் மெல்லிய படலம் படிந்திருக்கும், விளக்கு சட்டத்துக்குள் வந்தால் அதில் பட்டு இரண்டாவது விளக்கு ஒன்று முளைக்கும்.

கெடிலக்கரை

இன்று விடியற்காலை 5:50க்குப் போய்விட்டேன். பெரியவர் துறைமுகத்துக்கு மீன் எடுக்கப் போகும் நேரம் என்பதால் அவரும் விழித்திருந்தார். முதல் பத்து நிமிடம் நேற்றைய அதே அளவுகள்தான் தேவைப்பட்டன. 6:05க்கு மேல் வெளிச்சம் வேகமாக ஏறியது, ஐஎஸ்ஓவை 1600க்கும் பிறகு 800க்கும் இறக்கிக்கொண்டே வந்தேன். 6:10க்கு எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன்: 24 மிமீ, எஃப் 4.5, 1/8 வினாடி, ஐஎஸ்ஓ 1600. பானட் கரும்பச்சையாகவே இருக்கிறது. நட்சத்திரம் இருந்த தழும்பில் வானத்தின் வெளிச்சம் ஓரமாக விழுந்து வட்டம் தெளிவாகத் தெரிகிறது. பின்பலகைக்குப் பெரியவரின் பேரன் கைப்பேசி விளக்கை ஓரமாகப் பிடித்தான், தாமரையின் எட்டு இதழும் வந்துவிட்டன. வண்டிப்பித்தர் ஐயா, கதவுக்கு மேலே "திருச்செங்கோடு" என்ற சொல் மட்டும் மிச்சமிருக்கிறது, பட்டறையின் பெயர் உரிந்துவிட்டது.

வண்டிப்பித்தர்

பார்த்தேன். இரண்டு முறை பார்த்தேன். வலப்பக்க மட்கார்டில் உள்ள ஒட்டு, பழைய டிரம் தகடு வெட்டி வைத்தது. ஓட்டுநர் யாரோ கைப்பட வேலை தெரிந்தவர்.

திருப்பாதிரிப்புலியூரான்

படம் நன்றாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். முக்காலி இருந்திருந்தால் ஐஎஸ்ஓ 100இல் இன்னும் சுத்தமாக வந்திருக்கும் என்ற என் கருத்தில் மாற்றமில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன்: இணைத்தவற்றில் நான்காவது படத்தில் வண்டி பக்கத்தில் புகை போல ஓர் உருவம் தெரிகிறதே, அது என்ன?

கெடிலக்கரை

அது பெரியவர்தான் ஐயா. மட்கார்டில் கை வைத்துக்கொண்டு நின்றார். நான் 1/4 வினாடியில் எடுத்துக்கொண்டிருந்தேன். மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நான் அழுத்தும்போது ஆற்றுப் பக்கம் திரும்பிவிட்டார். லாரி கல் போல் நிற்கிறது, அவர் மட்டும் கலைந்துவிட்டார். ஆள் அசைவை நடுக்கத் தடுப்பால் நிறுத்த முடியாது என்பதை அண்ணா முதலிலேயே எழுதியிருந்தார், நான்தான் மறந்துவிட்டேன்.

எனக்கு அந்தப் படம் மிகவும் பிடித்திருந்தது, அதையே பெரிதாக அச்சிட்டுக் கொடுக்கலாம் என்று அவரிடம் திரையில் காட்டினேன். "பேய் மாதிரி இருக்கேன், இதை அழிச்சிடு" என்றார். பிறகு தன்னை ஒழுங்காக நிற்க வைத்து ஒன்று எடுக்கச் சொன்னார். வெளிச்சம் ஏறியிருந்ததால் 1/60 வினாடி கிடைத்தது, சட்டைப் பொத்தான் வரை தெளிவாக வந்தது. அதை 12க்கு 18 அங்குலத்தில் அச்சிடக் கொடுத்திருக்கிறேன். புகை உருவம் உள்ள படத்தை அவர் முன்னால் அழிக்கவில்லை, அது பற்றி அவரிடம் எதுவும் சொல்லவும் இல்லை.

பழைய பிலிம்

அழிக்காதீர்கள். பளபளப்புத் தாளில் அச்சிட வேண்டாம் என்று கடையில் சொல்லுங்கள், மேட் தாளில் கறுப்பின் ஆழம் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை. வீட்டு விளக்கு அதில் பட்டுத் தெறிக்காது.

கெடிலக்கரை

சொல்லிவிட்டேன் ஐயா. மகத்துக்கு முதல் நாள் மாலை கிடைக்கும் என்றார்கள்.